மால்டீஸ் நாயைத் தனியாக இருக்கப் பழக்குவது எப்படி?
வணக்கம். சிங்கப்பூரில், ஈசூனில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் இருக்கிறோம். அம்மாவுக்குத் துணையாக இரண்டு வயது மால்டீஸ் ஒன்றைத் தத்தெடுத்து மூன்று வாரம் ஆகிறது. 3 கிலோதான். பட்டுநூல் மாதிரி வெள்ளை முடி, மை தீட்டியது போல ஓரம் கறுத்த கண்கள். முடி அதிகம் உதிர்வதில்லை. ஆனால் ஒரு நாள் சீவாவிட்டால் காதுக்குப் பின்னால் சிக்கு விழுந்துவிடுகிறது.

அம்மா மடியை விட்டு இறங்குவதே இல்லை. அம்மா ஈரச்சந்தைக்குப் போனால், கதவடியில் மூக்கை வைத்துப் படுத்தபடி அவர் திரும்பும்வரை குரைக்கிறது. பக்கத்து வீட்டு ஆன்ட்டி இரண்டு முறை வந்து சொல்லிவிட்டார். அதட்ட மனசு வரவில்லை, பாவம். நீங்கள் எப்படிப் பழக்கினீர்கள்? அப்புறம், கண்ணோரம் வடியும் செம்பழுப்புக் கறையை எதைக் கொண்டு துடைக்கிறீர்கள்?