மெட்டல் கியர் கதை புரியல, எந்த வரிசைல ஆடுறது?

மக்களே, ஒரு உதவி வேணும். மெட்டல் கியர் சாலிட் 5ங்கிற வீடியோ கேம், அதான் 2015ல வந்த ஃபேன்டம் பெயின், ஆடிட்டு இருக்கேன். கேம்ப்ளேல ஒரு குறையும் சொல்ல முடியாது. 1984 ஆப்கானிஸ்தான், ராத்திரி, சோவியத் முகாம். பைனாகுலர்ல ஒவ்வொருத்தனா மார்க் பண்ணி, கரண்டை அணைச்சு, தவழ்ந்து உள்ள போய், மயக்க ஊசி போட்டு ஆளை பலூன்ல கட்டி மேல அனுப்புறப்போ அவன் கத்துவான் பாருங்க! அதுக்கே குடுத்த காசு சரியாப் போச்சு. தலையிலயே சுட்டுட்டு இருந்தா கொஞ்ச நாள்ல எல்லாரும் ஹெல்மெட் மாட்டிட்டு நிக்கிறானுங்க. விவரமான பசங்க.

கதைதான் தலையும் புரியல, வாலும் புரியல. பாதி விஷயம் கேமுக்குள்ள போட்டுக் கேக்குற ஆடியோ கேசட்டுல கிடக்கு. யாருக்கும் யாருக்கும் என்ன பழைய பகைன்னே தெரியல.

1998ல வந்த முதல் சாலிட்ல இருந்து வெளிவந்த வரிசைல ஆடணுமா? இல்ல கதை நடக்கிற வரிசைல, 1964ல நடக்கிற மூணாம் பாகம், அப்புறம் 1974 பீஸ் வாக்கர்னு போகணுமா? பழைய பாகங்களோட கேமரா, கண்ட்ரோல் எல்லாம் இப்போ ஆடினா எரிச்சலா இருக்குமா? யூடியூப் சுருக்கம் வேணாம், ஆடியே தெரிஞ்சுக்கணும். கிளைமாக்ஸை மட்டும் போட்டு உடைச்சிடாதீங்க, புண்ணியமாப் போகும்.