கெழக்காலத் தோட்டம் சொந்தங்கள் 🌴

வெள்ளி

காலை 6:08
பழனிச்சாமி: (பலமுறை முன்னனுப்பியது) 🎥 "இன்று பல்லடத்தில் டிவி நிருபர் வெட்டிக் கொலை!!! அனைவருக்கும் பகிரவும்"

6:09
பழனிச்சாமி: பெருந்துறை சம்மந்தி அம்மா அனுப்பியிருக்காங்க. பொண்ணு, நம்ம தாரணி, என்ன வேலைன்னு மறுக்கா கேக்கறாங்க

6:11
கோமதி: ஐயோ சாமி

6:11
செல்வி: இன்னும் பொண்ணே பாக்க வல்ல, அதுக்குள்ள சம்மந்தியாண்ணா

6:20
தாரணி: பெரீப்பா அது பழைய வீடியோங். 2024 ஜனவரி 24. அவரு சாகல. கையில பலமான வெட்டு, பொழைச்சுட்டாரு

6:21
பழனிச்சாமி: வெட்டுனது நெசந்தானே

6:22
தாரணி: நெசந்தான்

6:22
பழனிச்சாமி: பொறவென்ன. அன்னைக்கே நிருபர் வேலை வேண்டாம், பி.எட். படின்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன்

6:31
வக்கீல் நாச்சிமுத்து: பழசுன்னு தள்ளீற வேண்டாம் அம்மிணி. அந்தக் கேசுல நான் எப்பவும் சொல்றது, வெட்டுக்கு முன்னாடி நடந்த போன் பேச்சைக் கவனிங்கன்னுதான். வண்டியில ஆளுங்க சுத்தறாங்க, பின்னாலயே வர்றாங்கன்னு அவரு பல தடவை போலீசுக்குக் கூப்பிட்டுச் சொன்னாரு. அந்த ஆடியோ ஊரெல்லாம் கேட்டுது. வாய்ல சொன்னதுக்கு ரசீது கெடையாது. எழுதிக் குடுத்து சி.எஸ்.ஆர்.ங்கற புகார் ரசீது வாங்கியிருந்தா அடுத்த நாள் அதை வெச்சு மேல போலாம்

6:32
கதிர்: மாமா ஆரம்பிச்சுட்டாரு 😄

6:33
செல்வி: காப்பி ஆறுது, வந்து குடிச்சுட்டு டைப் பண்ணுங்க

6:40
கோமதி: நாச்சிமுத்தண்ணா, அவங்களுக்கு என்ன பதில் சொல்றதுங்க? ஞாயித்துக்கெழமை 10 பேர் வர்றாங்க

6:41
பழனிச்சாமி: 14. சித்தப்பன் குடும்பமும் சேத்தி

6:41
செல்வி: அப்ப சந்தகைக்கு எத்தனை படி போடறது

6:44
பழனிச்சாமி: நிருபரைக் கொல்றதெல்லாம் ரஷ்யா அரேபியாவுலதான், நம்மூருல இல்லைன்னு சொல்லிப் போடலாம்

6:45
கதிர்: அப்பா 🤦 பெங்களூருல கௌரி லங்கேஷ்? 2017 செப்டம்பர் 5. ராஜராஜேஸ்வரி நகர்ல அவங்க வீட்டு வாசல்லயே சுட்டாங்க. நம்ம தோட்டத்துல இருந்து பஸ் ஏறுனா விடியறதுக்குள்ள போயிரலாம்

6:58
வக்கீல் நாச்சிமுத்து: ரஷ்யாவும் வேண்டாம் மச்சான். மால்டான்னு ஒரு தீவு நாடு. மொத்தம் 316 சதுர கிலோமீட்டர். நம்ம கோயமுத்தூர் மாநகராட்சி 257. அம்புட்டுத்தான் நாடே. சனம் 5 லட்சம். யாரு யாருக்கு மாமன் மச்சான்னு எல்லாருக்கும் தெரியும். டாஃப்னி கருவானா கலீட்சியான்னு ஒரு அம்மா. தனி ஆளா வலைப்பூவுல மந்திரிங்க, பெரிய முதலாளிங்க பணம் வெளிநாட்டுக்கு எப்படிப் போவுதுன்னு எழுதிக்கிட்டு இருந்தாங்க. 2017 அக்டோபர் 16 மத்தியானம் 3 மணி வாக்குல வீட்டுல இருந்து காரை எடுத்தாங்க. கொஞ்ச தூரந்தான். காருக்குள்ள குண்டு

6:59
வக்கீல் நாச்சிமுத்து: சாவறப்ப அந்தம்மா மேல 47 மானநஷ்ட வழக்கு. ஆளு செத்தும் வழக்கு சாகல. பல வழக்கு வாரிசுங்க மேல தொடர்ந்துது. பசங்க அம்மாவைப் பொதைச்சுட்டு வந்து கோர்ட்டுக்குப் போனாங்க

7:00
ரமேஷ்: கார் என்ன மாடல்ப்பா

7:01
செல்வி: இவனுக்கு அதான் முக்கியம்

7:02
வக்கீல் நாச்சிமுத்து: பீஜோ 108, வாடகைக்கு எடுத்தது. கேக்கறானே, கேள்வி சரிதான். எப்பவும் கேட்டுக்குள்ள நிக்கிற வண்டி அன்னைக்கு ராத்திரி வெளிய நின்னுதுன்னு கூட்டாளி ஒருத்தன் வாக்குமூலத்துல வந்துது. பல நாளா நோட்டம் பாத்துக்கிட்டே இருந்திருக்கானுங்க

7:04
ரமேஷ்: நம்ம ஊட்டுல வண்டி எப்பவுமே வெளியதான் நிக்குது

7:04
கோமதி: ரமேசு காத்தால நேரத்துல பயமுறுத்தாத

7:10
பழனிச்சாமி: தேங்காய் இன்னைக்கு யாரு வண்டி வருது? காய் போட ஆள் சொல்லியாச்சு

7:12
தங்கவேல்: காங்கயம் வண்டி. 9 மணி

7:15
கதிர்: மால்டால பிடிச்சாங்களா மாமா?

7:29
வக்கீல் நாச்சிமுத்து: பிடிச்சாங்க, 49 நாள்ல. ஒரு டாப்-அப்புல மாட்டுனாங்க. குண்டுக்கு ஒரு சிம், அதை வெடிக்க வெக்க மெசேஜ் அனுப்ப இன்னொரு சிம். அனுப்புனவன் கடல்ல படகுல இருந்தான். இந்த ரெண்டு நம்பரும் வேற யாரோடவும் பேசாது. டவர் கணக்குல பாத்தா ஊர்ல இருக்கற அத்தனை நம்பர்லயும் இந்த ஜோடி மட்டும் தனியாத் தெரியும். பொறவு அந்தப் போன்ல காசு இல்லைன்னு, படகுல இருந்து சொந்த நம்பர்ல கூட்டாளிக்குக் கூப்பிட்டு 5 யூரோ போடச் சொல்லியிருக்கான். அந்தச் சொந்த நம்பர் ஏற்கெனவே உளவுத்துறை ஒட்டுக்கேக்கற நம்பர்

7:30
கதிர்: 😂 5 யூரோ

7:31
ரமேஷ்: நம்ம கடைக்கு வந்திருந்தா கடன் சொல்லியிருப்பான்

7:33
வக்கீல் நாச்சிமுத்து: சிரிப்பு வேண்டாம். 2017 டிசம்பர் 4ல புடிச்சவனுங்க கூலி ஆளுங்க. கூலி 1,50,000 யூரோ, முன்பணம் 30,000. நடுவுல ஒரு டாக்சி ஓட்டறவன் தரகன். அவன் ரகசியமாப் பேச்சைப் பதிவு பண்ணி வெச்சிருந்தான், மன்னிப்பு வாங்கிட்டு சாட்சியா மாறுனான். அதுக்குப் பொறவு 2019 நவம்பர்ல ஒரு பெரிய தொழிலதிபரைச் சொந்தப் படகுல வெச்சே கைது பண்ணுனாங்க. அவரு குத்தத்தை மறுக்கறாரு. 2020 ஜனவரியில பிரதமர் பதவி போச்சு. கூலி ஆளுங்க அண்ணன் தம்பி ரெண்டு பேருக்கும் 2022ல 40 வருசம். குண்டு சம்பந்தமா இன்னும் ரெண்டு பேருக்கு 2025ல ஆயுள். கீழ இருக்கறவனுக்குத் தண்டனை வரவே 5 வருசம் ஆச்சு, அவனுக்கு மேல இருக்கறவனுக்கு 8 வருசம். உச்சாணியில இருக்கறவனுக்கு எத்தனைன்னு கணக்குப் போட்டுக்குங்க

7:34
பழனிச்சாமி: இதையா பெருந்துறைக்கு அனுப்பறது

7:34
கோமதி: வேண்டாங் மாமா!!

7:41
செல்வி: அன்னைக்கு எம் பையனுக்குக் கேட்டப்ப ஐடிஐ தானேன்னு சொன்னீங்க. குடுத்திருந்தா இந்த வெசனமே இல்ல

7:42
ரமேஷ்: அம்மா 😑 குரூப்பு

7:43
சுமதி ரமேஷ்: 👀

7:43
செல்வி: (இந்தச் செய்தி நீக்கப்பட்டது)

7:44
கதிர்: எல்லாரும் படிச்சாச்சு அத்தை

7:52
தாரணி: நான் ஒண்ணு சொல்லட்டுங்களா. கௌரி லங்கேஷும் கேட்டுக்கிட்டதான், டாஃப்னியும் வீட்டுக்கிட்டதான். 2025 ஜனவரி 1ல சத்தீஸ்கர் பிஜாப்பூர்ல முகேஷ் சந்திராகர்ங்கற நிருபர் காணாமப் போனாரு. ரோட்டு கான்ட்ராக்ட் ஊழலைச் சொன்னவரு. 3ஆந்தேதி ஒரு கான்ட்ராக்டர் எடத்துல செப்டிக் டேங்குல இருந்து எடுத்தாங்க. மேல புதுசாக் கான்கிரீட் போட்டு மூடியிருந்துது. அதுதான் காட்டிக் குடுத்துது, பழைய டேங்குக்கு யாரு திடீர்னு புது மூடி போடுவா. குத்தம் சாட்டப்பட்டவங்கள்ல பெரும்பாலும் அவரு சொந்தக்காரங்க

7:53
கதிர்: சொந்தக்காரங்களை நம்பாதேங்கறா. குரூப்பை விட்டு வெளியேறட்டுமா

7:54
செல்வி: போயேன்

7:55
தாரணி: அந்த மாநிலத்துல 2023லயே பத்திரிகையாளர் பாதுகாப்பு மசோதா நிறைவேத்தியிருந்தாங்க மாமா

7:57
வக்கீல் நாச்சிமுத்து: தெரியும். மராட்டியத்துல சட்டமே இருக்கு, நிருபர் மேல கை வெச்சா 3 வருசம் வரைக்கும், ஜாமீன் இல்லாத குத்தம். அடிபட்ட பொறவு வர்ற சட்டம். அடிபடறதுக்கு முன்னாடி என்ன பண்றதுன்னு எழுதறேன், இரு

7:58
கதிர்: ஒரே மெசேஜ்ல மாமா ப்ளீஸ்

8:17
வக்கீல் நாச்சிமுத்து: மெரட்டல் வந்தா மொதல்ல அழிக்கக் கூடாது. பயத்துல எல்லாரும் அதைத்தான் பண்றாங்க, பொறவு "வந்துதுங்க, டெலீட் பண்ணிட்டேங்க"ன்னு வர்றாங்க. ஸ்கிரீன்ஷாட் மட்டும் பத்தாது. வாட்சப்னா அந்தச் சாட்டை எக்ஸ்போர்ட் பண்ணி வெக்கோணும், வந்த போனையும் அப்படியே வெக்கோணும், மாத்தக் கூடாது, ஃபார்மேட் கூடாது. கோர்ட்டுல சாட்சிய சட்டம் 63(4) சான்றிதழ் கேப்பாங்க. அதுல ரெண்டு பகுதி, ஒண்ணு போனை வெச்சிருக்கறவங்க கையெழுத்து, இன்னொண்ணு நிபுணர் கையெழுத்து, ஃபைலோட கைரேகை மாதிரி இருக்கற ஹாஷ் எண் எழுதோணும். ஃபைலை ஒரு தடவை தொறந்து சேவ் பண்ணுனாலும் அந்த எண் மாறீரும். அதனால ஒரிஜினலைத் தொடாம காப்பி எடுத்து அதைப் பாக்கோணும்

8:19
வக்கீல் நாச்சிமுத்து: சாதா போன் கால்னா நேரம், நம்பர், என்ன வார்த்தை, எழுதி வெக்கோணும். கம்பெனிக்காரன் கால் கணக்கை 2 வருசந்தான் வெச்சிருக்கோணும்னு விதி. கேசு 3 வருசம் கழிச்சு சூடு புடிச்சா கணக்கு இருக்கும்னு சொல்ல முடியாது. வாட்சப் கால்னா அந்தக் கணக்குல பேச்சே வராது

8:22
வக்கீல் நாச்சிமுத்து: புகார் ரெண்டு காப்பி. ஒண்ணைக் குடுத்து இன்னொண்ணுல சீல், அப்புறம் சி.எஸ்.ஆர். நம்பர். கொல்லுவேன்னு மெரட்டுனா பி.என்.எஸ்.ங்கற புது தண்டனைச் சட்டம் 351(3), 7 வருசம் வரைக்கும். பேர் சொல்லாம மெரட்டுனா 351(4) சேத்தி. ஸ்டேஷன்ல வாங்கலைன்னா பி.என்.எஸ்.எஸ்.ங்கற நடைமுறைச் சட்டம் 173(4)ல எஸ்.பி.க்குத் தபால். ரிஜிஸ்டர் தபாலை இப்ப ஸ்பீட் போஸ்ட்டோட சேத்துட்டாங்க, அந்த ரசீதைப் பத்திரமா வெய்யி. அங்கயும் நகரலைன்னா மாஜிஸ்திரேட், அதே சட்டம் 175(3). எஸ்.பி.க்குப் போட்டேன்னு அபிடவிட்டு இல்லாம நேரா மாஜிஸ்திரேட்டுக்குப் போனாத் திருப்பி அனுப்பீருவாங்க. பாதிப் பேர் இந்த எடத்துலதான் கோட்டை விடறது

8:23
கதிர்: மூணு மெசேஜ்

8:24
பழனிச்சாமி: சாட்சிக்குப் போலீஸ் பாதுகாப்பு குடுப்பாங்களே மாப்ள

8:26
வக்கீல் நாச்சிமுத்து: 2018 திட்டம். அது பெரிய குத்தத்துல சாட்சியா இருக்கறவங்களுக்கு. மெரட்டல் மட்டும் வந்த நிருபர் தானா அதுக்குள்ள வரமாட்டாங்க. சாட்சியா இருந்தா மாவட்ட நீதிபதி தலைமைக் குழுவுக்கு மனு, டி.எஸ்.பி. 5 வேலை நாள்ல மெரட்டல் அறிக்கை குடுக்கோணும். பாதுகாப்பு ஒரு தடவைக்கு 3 மாசம் வரைக்கும்

8:40
பழனிச்சாமி: காய் 1,840 எறங்குச்சு. கழிவு 60ன்னு சொல்றான் வண்டிக்காரன். அநியாயம்

8:41
செல்வி: எனக்கு ஒரு 20 காய் ஞாயித்துக்கெழமைக்கு எடுத்து வைங்க. தேங்காப்பால் வேணும் சந்தகைக்கு

8:55
தாரணி: மாமா சொன்னதெல்லாம் சரிங்க. ஆனா ஆபீஸ்ல இதுக்கு முந்தின படி ஒண்ணு இருக்கு. க.பரமத்திப் பக்கம் 2022ல கல்குவாரியை எதிர்த்தவரை வண்டி ஏத்திக் கொன்னாங்களே. பேப்பரெல்லாம் ஒருத்தருகிட்ட, மனுவெல்லாம் ஒருத்தரு பேருலன்னா, ஒருத்தரை எடுத்துட்டா விசயம் முடிஞ்சுதுன்னு நெனைக்க வெக்கிற நெலமை. அதனால எங்க குவாரிச் செய்தி வேலையில ஒரே ஃபோல்டர் மூணு பேருகிட்ட, ஒரு காப்பி வெளியூர்ல. எதிர்த்தரப்புக்குக் கேள்வி அனுப்பறப்பவே, நான் மட்டும் இல்ல, இன்னாரும் இதைப் படிச்சாச்சுன்னு தெரியற மாதிரி எழுதுவோம். செய்தி வர்ற வரைக்கும் உள்ள நாள்தான் ஆபத்து. வந்துட்டா கொறையும்

8:56
தாரணி: டாஃப்னி செத்த பொறவு 18 பத்திரிகைல இருந்து 45 நிருபருங்க சேந்து அவங்க வேலையத் தொடர்ந்தாங்க. 1976லயே அமெரிக்கா அரிசோனாவுல டான் போல்ஸ்ங்கறவரைக் கார் குண்டுல கொன்னப்ப 38 நிருபருங்க போய் எறங்குனாங்க. கொன்னவனுக்கு லாபம் இல்லாமப் பண்றதுதான் கணக்கு

8:58
வக்கீல் நாச்சிமுத்து: சரியாச் சொன்ன. ஆனா கணக்கு எல்லா எடத்துலயும் நிக்கறதில்ல. கொலை நடந்த கேசுல 85 சதவீதம் தீராமக் கெடக்குதுன்னு யுனெஸ்கோ 2024ல சொல்லுச்சு

8:58
கோமதி: அண்ணா அந்த நம்பர் இப்பத் தேவையாங் 😭

9:05
ரமேஷ்: அப்பா ஒண்ணு விட்டுட்டீங்க. கேமரா. கேட்டுல மாட்டறாங்க, ஆனா டிவிஆர், அதான் பதிவு பண்ற பெட்டி, அதோட டைமை யாரும் பாக்கறதில்ல. கரண்டு போய் வந்தா பேட்டரி செத்ததுல தேதி பின்னாடி போயிரும். போன்ல கால் 7:10, கேமராவுல வண்டி 6:48னு இருந்தா எதிர்வக்கீல் விடுவானா. மாசம் ஒருக்கா போன் டைமோட ஒத்துப் பாருங்க. 1 டிபி டிஸ்க்கு, 4 கேமரான்னா ரெண்டு மூணு வாரத்துல மேல எழுதீரும், கேமரா தரத்தைப் பொறுத்து. சம்பவம் நடந்தா அன்னைக்கே பென்டிரைவ்ல எடுத்துட்டு, டிஸ்க்கையும் கழட்டி வெச்சுட்டுப் புதுசு போடோணும்

9:06
ரமேஷ்: இன்னொண்ணு, கேமராவை லைட்டுக்கு நேர வெச்சா ராத்திரி நம்பர் பிளேட் வெள்ளையா அடிச்சுக்கும். 7 அடி ஒயரத்துல சாச்சு வெக்கோணும்

9:07
வக்கீல் நாச்சிமுத்து: பாத்தீங்களா. வக்கீல் பையன் ஒயரைப் புடிச்சான்னு சொன்னீங்களே எல்லாரும்

9:08
கதிர்: கௌரி லங்கேஷ் கேசுலயும் வீட்டுக் கேமராதான் மொதல்ல. ஹெல்மெட் போட்டிருந்ததால மூஞ்சி தெரியல. பொறவு தோட்டாவையும் அதோட வெத்துக் கூட்டையும் வெச்சுத்தான் எழுத்தாளர் கல்புர்கியைச் சுட்ட அதே துப்பாக்கின்னு கண்டுபிடிச்சாங்க. 7.65 மி.மீ. நாட்டுத் துப்பாக்கி. கேமரா மட்டும் பத்தாது

9:30
பழனிச்சாமி: பெருந்துறைக்காரங்க மறுக்கா மெசேஜ். "பொண்ணு வேலைய விடுமா?"ன்னு கேக்கறாங்க

9:31
கோமதி: கல்யாணத்துக்கு அப்புறம் பாத்துக்கலாம்னு சொல்லுங்க மாமா

9:31
தாரணி: அம்மா

9:32
தாரணி: விடமாட்டேன்னு சொல்லுங்க பெரீப்பா. டெஸ்க்கு வேலைன்னும் பொய் சொல்ல வேண்டாம்

9:33
பழனிச்சாமி: அப்ப 14 பேர் வருவாங்களா

9:34
செல்வி: அண்ணா வந்தா சந்தகை, வராட்டி நாமளே சாப்புட்டுக்கலாம். எத்தனை படின்னு மட்டும் சொல்லுங்க, அரிசி நனைக்கோணும்

9:40
பழனிச்சாமி: 🎤 (குரல் செய்தி 0:41) ஆத்தா பேசுது

9:42
கதிர்: அப்பத்தா என்ன சொல்லுது, மீட்டிங்ல இருக்கேன்

9:43
ரமேஷ்: "எழுதறவளுக்குப் பயமில்ல, பாக்க வர்றவனுக்கென்ன பயம்"ங்குது. அப்புறம் 30 செகண்டு வெத்தலை தீந்து போச்சுன்னு

9:55
பழனிச்சாமி: பெருந்துறைக்கு "நேர்ல பேசிக்கலாம்"னு போட்டுட்டேன். ப்ளூ டிக் விழுந்துது. பதில் இல்ல

10:20
தங்கவேல்: ரமேசு

10:20
ரமேஷ்: சொல்லுங் மாமா

10:21
தங்கவேல்: கேட்டுக்கு ஒண்ணு, மேக்கால தடத்துக்கு ஒண்ணு. எவ்வளவு ஆகும்

10:22
ரமேஷ்: எங்கிட்டப் பழைய டிவிஆர் ஒண்ணு சும்மாதான் கெடக்குது மாமா. பேட்டரி மட்டும் புதுசு போடோணும். ஒயர் 60 மீட்டர் வேணும். நாளைக்குக் காத்தால ஏணியோட வர்றேன்

10:23
தங்கவேல்: வண்டியையும் உள்ள விட எடம் பண்ணோணும். வைக்கப்போரை நகத்தோணும்

10:23
செல்வி: தங்கவேலு, எத்தனை படி??

10:41
தங்கவேல்: 4 போடுக்கா