'ஜே.எஃப்.கே.' படத்தில் டொனால்ட் சதர்லேண்ட் சொல்வதில் எவ்வளவு நிஜம்?

கடைசி வரிசை:
அமெரிக்க ஜனாதிபதி கென்னடியின் கொலையைப் பற்றி ஆலிவர் ஸ்டோன் எடுத்த 'ஜே.எஃப்.கே.' (1991) மறுபடி பார்த்தேன். மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடுகிற படம், ஆனால் மனதில் நிற்பது சதர்லேண்ட் வரும் அந்த ஒரு பகுதிதான். வாஷிங்டனில் கோட்டும் தொப்பியுமாக வந்து, பேர்கூடச் சொல்லாமல், கெவின் காஸ்ட்னரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கொலைக்குப் பின்னால் அரசுக்குள்ளேயே ஆட்கள் இருந்தார்கள் என்று கால் மணி நேரம் கொட்டித் தீர்க்கிறாரே, அது. குரலைக்கூட உயர்த்துவதில்லை, நமக்கு வியர்க்கிறது. அதில் எது நடந்தது, எது கதை? அப்புறம், சதர்லேண்டுக்கே இந்த விஷயத்தில் ஈடுபாடு இருந்ததா, இல்லை சம்பளத்துக்குப் பேசியதா?

பழைய ரீல்:
படத்தில் 'எக்ஸ்' என்று வரும் அந்த சதர்லேண்ட் பாத்திரம் முழுக் கற்பனை இல்லை. ஃப்ளெட்சர் ப்ரௌட்டி என்ற விமானப்படை கர்னலை வைத்து எழுதிய பாத்திரம். அமெரிக்க உளவு அமைப்பான சிஐஏவின் ரகசிய வேலைகளுக்கு ராணுவத் தரப்பிலிருந்து உதவி ஏற்பாடு செய்தவர், 1963 நவம்பரில் அண்டார்டிகா போனதும் உண்மை. ஆனால் தன்னை வேண்டுமென்றே தூர அனுப்பிவிட்டார்கள் என்பது அவருடைய சந்தேகம் மட்டும்தான், படம் அதை நடந்த விஷயமாகவே காட்டிவிடுகிறது. பிற்பாடு 1996இல் அரசின் ஆவண மறுஆய்வு வாரியம் கூப்பிட்டுக் கேட்டபோது அவரால் பெரிதாக ஒன்றும் நிரூபிக்க முடியவில்லை. வியட்நாமிலிருந்து 1963 முடிவதற்குள் 1,000 அமெரிக்கப் படையினரைத் திரும்ப அழைக்கும் முடிவு நிஜமாகவே இருந்தது. கென்னடி உயிரோடு இருந்திருந்தால் போரே நின்றிருக்கும் என்று அதிலிருந்து தாவுவதில்தான் சரித்திர ஆசிரியர்களுக்குள் இன்றும் அடிதடி.

கோப்புப் பைத்தியம்:
நடிப்பில் மயங்கி எல்லாவற்றையும் நம்பவும் வேண்டாம், எல்லாமே கட்டுக்கதை என்று தள்ளவும் வேண்டாம். சிஐஏ கொலைத் திட்டம் போட்டது வதந்தி இல்லை, 1975இல் செனட்டின் சர்ச் கமிட்டியே தோண்டி எடுத்தது. கியூபத் தலைவர் காஸ்ட்ரோவைத் தீர்க்க மாஃபியா ஆட்கள் வழியாக விஷ மாத்திரை, காசநோய்க் கிருமி தடவிய டைவிங் மூச்சுக் கருவி என்று என்னென்னவோ யோசித்திருக்கிறார்கள். காங்கோவின் பிரதமராக இருந்த லுமும்பாவைக் கொல்ல காங்கோவுக்கே விஷம் போனது, கடைசியில் அவரைக் கொன்றது வேறு கைகள். எனக்குத் தூக்கம் போனது இன்னொன்றால். 1963 நவம்பர் 22, கென்னடி சுடப்பட்ட அதே நாள், பாரிஸில் ஒரு சிஐஏ அதிகாரி காஸ்ட்ரோவுக்கு நெருக்கமான ஒருவரிடம் ஒரு பேனாவை நீட்டுகிறார். பார்க்கச் சாதாரண பால்பாயிண்ட் பேனா, உள்ளே விஷம் ஏற்ற மெல்லிய ஊசி. இதை ஒரு திரைக்கதையில் எழுதினால் ஓவராக இருக்கிறது என்று தயாரிப்பாளரே வெட்டிவிடுவார்.

கடைசி வரிசை:
அப்படியானால் கென்னடி கொலையை விசாரித்த வாரன் கமிஷனுக்கு இதைச் சொன்னார்களா?

கோப்புப் பைத்தியம்:
சிஐஏ மூச்சுவிடவில்லை. இத்தனைக்கும் முன்னாள் சிஐஏ தலைவர் ஆலன் டல்லஸ் அந்தக் கமிஷனிலேயே உறுப்பினர், கியூபாவின் மீது நடத்திய பிக்ஸ் வளைகுடா படையெடுப்பு தோற்ற பிறகு கென்னடியால் பதவி இழந்தவர். ஜனங்களுக்குச் சந்தேகம் வராமல் என்ன செய்யும்? ஆனால் மறைத்தார்கள் என்பதும் கொன்றார்கள் என்பதும் ஒன்றில்லை. 1979இல் பிரதிநிதிகள் சபைக் கமிட்டி 'சதி இருந்திருக்கலாம்' என்றபோதும் சிஐஏவுக்குப் பங்கில்லை என்றுதான் சொன்னது. அந்தச் 'சதி' முடிவுக்கு ஆதாரமாக இருந்த ஒலிப்பதிவையும் 1982இல் விஞ்ஞானிகள் குழு செல்லாது என்றது.

இடைவேளை:
சதர்லேண்டின் ஈடுபாடு பற்றிக் கேட்டீர்களே, அதற்கு வருகிறேன். 'மாஷ்' (1970) ஹிட்டாகி, 'க்ளூட்' வந்து, மார்க்கெட் உச்சத்தில் இருந்த நேரத்தில் மனுஷன் நடிகை ஜேன் ஃபோண்டாவோடு சேர்ந்து, வியட்நாம் போருக்கு எதிராக ராணுவ முகாம்களை ஒட்டி மேடை நிகழ்ச்சி நடத்தினார். விளைவு? 2017இல் வெளியான ஆவணங்களின்படி, சிஐஏ கேட்டுக்கொண்டதால் 1971 முதல் 1973 வரை தகவல் தொடர்புகளை ஒட்டுக்கேட்கும் அமெரிக்க அமைப்பான என்எஸ்ஏவின் கண்காணிப்புப் பட்டியலில் அவர் பேரும் இருந்திருக்கிறது. கென்னடி கொலையைச் சதியாகக் காட்டிய 'எக்ஸிக்யூட்டிவ் ஆக்‌ஷன்' (1973) படத்துக்கு முதலில் அடி போட்டதும் அவர்தான், பணம் புரளாததால் விலகிவிட்டார். ஆக, 1991இல் ஸ்டோன் நீட்டிய வசனம் அவருக்குப் புதிதாக இருந்திருக்காது. ஆஸ்கருக்கு ஒருமுறைகூடப் போட்டியில் பேர் வரவில்லை, 2017இல் கௌரவ விருதோடு சரி.

பழைய ரீல்:
ஒன்று விட்டுப்போச்சு. காஸ்ட்னர் நடித்த அரசு வழக்கறிஞர் ஜிம் காரிசன் கென்னடி கொலைச் சதி என்று நிஜத்தில் தொடுத்த வழக்கில், 1969இல் ஜூரி ஒரு மணி நேரத்துக்குள் குற்றம் சாட்டப்பட்டவரை விடுவித்துவிட்டது, யோசிக்கவே ஒன்றுமில்லை. படம் கிளப்பிய சத்தத்தால் 1992இல் ஆவணங்களைத் திறக்கச் சட்டம் வந்ததே, அதற்கு மட்டும் ஸ்டோனுக்கு ஒரு கும்பிடு.