டயப்பர் கழிவை என்ன பண்றது? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க

வணக்கம்ங்க. நான் கொழிஞ்சாம்பாறை பக்கம். படுத்த படுக்கையா இருக்கறவங்களைப் பார்த்துக்கற பாலியேட்டிவ் குழுவோட வீடு வீடா போறேன். போற இடமெல்லாம் ஒரே கேள்வி: "இந்த டயப்பரை எங்க கண்ணு போடறது?" பிளாஸ்டிக் எடுக்க வர்ற அக்காங்க இதைத் தொடறதில்லை. பாதி வாய்க்காலுக்குப் போகுது, மீதியைத் தென்னந்தோப்புல போட்டு எரிக்கறாங்க. ஈரத்துல அது எங்க எரியும்? புகையும் நாத்தமும்தான்.

இத்தாலியில 2017லயே ஒரு ஆலை, நீராவி அழுத்தத்துல கிருமியைக் கொன்னு பிளாஸ்டிக், பஞ்சு, ஈரத்தை உறிஞ்சிப் பிடிச்சு வெக்கற ஜெல் மூணையும் தனித்தனியா பிரிச்சுது. இந்தோனேசியாவுல ஜப்பான் கிடாக்யூஷு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் டயப்பரைக் கழுவி, காயவெச்சு, துண்டாக்கி, கான்கிரீட்ல மணலுக்குப் பதிலா கலந்து ஒரு சின்ன வீடே கட்டிட்டாங்க. 2023ல கட்டுரை வந்துச்சு. பாரம் தாங்காத சுவருக்கு மணல்ல 40 சதவீதம் வரைக்கும் மாத்தலாமாம், தரைக்கு 9தான்.

நமக்கு வீடெல்லாம் வேண்டாங்க, வேலிக்கு நாலு கல்லு வார்த்தா போதும். சிக்கல் அந்த ஜெல்தான். புது டயப்பர் ஒண்ணைத் தண்ணியில ஊறவெச்சு வெட்டிப் பார்த்தேன், ஊறின ஜவ்வரிசி மாதிரி வழியுது, பிழிஞ்சாலும் தண்ணி வரலை. உப்பு போட்டதும் சுருங்கித் தண்ணியை விட்டுச்சு. கால்சியம் குளோரைடுங்கற இன்னொரு வகை உப்பு இன்னும் நல்லா வேலை செய்யுமாம்.

பொள்ளாச்சி, பாலக்காடு வட்டாரத்துல சோதிச்சுப் பார்க்க சம்மதிக்கற ஹாலோ பிளாக் பட்டறை இருக்கா? கழுவின தண்ணியை எப்படி சுத்தம் பண்றது? வெறுங்கையில யாரும் தொடாம கிருமி நீக்க என்ன வழி? சிவில், கெமிக்கல் படிச்சவங்க கமெண்ட்ல சொல்லுங்க. தெரிஞ்சவங்களை டேக் பண்ணினாலும் சரி.