பொடுகு ஷாம்பூ: ஐரோப்பா தடை செய்ததை நாம் ஏன் தேய்க்கிறோம்?

வேம்பன்: பொடுகு ஷாம்பூவைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்று இங்கே ஒருவர் எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. அதில் பொடுகை அடக்கச் சேர்க்கும் சிங்க் பைரிதியோன் என்ற வேதிப்பொருளை ஐரோப்பிய ஒன்றியம் 2022 மார்ச் 1 முதல் அழகுசாதனப் பொருட்களில் தடை செய்துவிட்டது. அவர்களுக்கு ஆகாதது நமக்கு மட்டும் ஆகுமா?

மருந்தாளுநர்: எழுதியவன் நான்தான், பெயர் சொல்லியே கேட்டிருக்கலாம். அதை இனப்பெருக்கத்துக்குக் கேடு தரக்கூடிய பொருள் என்று வகைப்படுத்தினார்கள். அந்த வகையில் சேர்ந்தால் அங்கே தடை தானாக வந்துவிடும். வேறு மாற்றுப் பொருள் இல்லையென்றால்தான் விலக்கு, மாற்று இருந்தது. ஆனால், அலசிவிடும் பொடுகு ஷாம்பூவில் 1 சதவீதம் வரை பாதுகாப்பானது என்று அவர்களுடைய அறிவியல் குழுவே 2020இல் சொல்லிவிட்டது.

வேம்பன்: சுற்றி வளைக்க வேண்டாம். தடை உண்டா, இல்லையா?

மருந்தாளுநர்: உண்டு. காரணத்தைத்தான் சொல்கிறேன்.

வேம்பன்: உண்டு என்றீர்களே, போதும்.

கயல்: என் மகளுக்குத் தோல் மருத்துவர் பூஞ்சையை அடக்கும் கீட்டோகோனசோல் என்ற மருந்து 2 சதவீதம் கலந்த ஷாம்பூ எழுதிக் கொடுத்திருக்கிறார். அது கல்லீரலைக் கெடுக்கும் என்கிறார்களே?

மருந்தாளுநர்: அது மாத்திரை அம்மா. 2013இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்ததும், ஐரோப்பிய மருந்து முகமை நிறுத்தச் சொன்னதும் விழுங்கும் மாத்திரையைத்தான். ஷாம்பூவிலிருந்து இரத்தத்தில் சேர்வது மிகமிகக் குறைவு. நுரையை மூன்று முதல் ஐந்து நிமிடம் தலையில் வைத்திருந்து, கண்ணில் படாமல் நன்றாக அலசுங்கள்.

வேம்பன்: மாத்திரைக்கும் தடை, ஷாம்பூவுக்கும் தடை. இன்னும் வக்காலத்து வாங்குகிறார்!

மருந்தாளுநர்: இரண்டும் வேறு வேறு மருந்து. பொடுகு தீர நல்லெண்ணெய் தேய்க்கச் சொல்லிப் போன மாதம் இதே இடத்தில் எழுதியவர்தானே நீங்கள்? பொடுகோடு தொடர்புடைய மலசீசியா பூஞ்சை எண்ணெய்ப் பசையைத் தின்றுதான் வளர்கிறது. அப்படியிருக்க எண்ணெய் தேய்த்தால் பொடுகு எப்படித் தீரும் என்று அன்று கேட்ட கேள்விக்கு இன்றுவரை உங்களிடமிருந்து பதில் வரவில்லை.

தாமிரபரணி: நல்லெண்ணெயைப் பழிக்காதீர்கள். மருந்து விற்பவர் மருந்தைத்தானே புகழ்வார்.

மருந்தாளுநர்: நான் கடை வைத்திருக்கவில்லை; மருத்துவமனையில் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவன். வாயில் வந்ததை எழுதாதீர்கள். அமெரிக்காவில் அலசிவிடும் ஷாம்பூவில் 2 சதவீதம் வரை சிங்க் பைரிதியோன் சேர்த்து, மருந்துச் சீட்டு இல்லாமலே விற்க அனுமதி இருக்கிறது. அவர்களுக்குத் தலை இல்லையா?

வேம்பன்: நான் கேட்டது ஐரோப்பாவைப் பற்றி.

தாமிரபரணி: நல்லெண்ணெயைப் பற்றிச் சொன்னதை முதலில் திரும்பப் பெறுங்கள்.

மருந்தாளுநர்: பெற மாட்டேன்.