'ஆல் வி இமேஜின் அஸ் லைட்': அந்த ரெண்டு பேருக்கும் என்னதாங்க பிரச்சினை?

வாஷி கோவைக்காரன்:
2024 கான் விழாவுல கிராண்ட் ப்ரீ வாங்குன படம்னு ரூம்மேட் சொல்லி உக்காந்து பாத்தேனுங்க. மும்பையில இருக்கற நர்ஸ் பிரபா கதை புரிஞ்சுது. கட்டிக்கிட்டு ஜெர்மனி போன புருஷன் போன்கூடப் பண்றதில்ல, ஒருநாள் அங்கிருந்து ரைஸ் குக்கர் மட்டும் வந்து நிக்குது. ஆனா அவகூடத் தங்கியிருக்கற நர்ஸ் அனுவும் அவ லவ் பண்ற ஷியாஸும்? சுத்தறாங்க, நனையறாங்க, மூஞ்சிய உம்முனு வெச்சுக்கறாங்க. அவ இந்து, அவன் முஸ்லிம், வீட்ல ஒத்துக்க மாட்டாங்க, சரி. ரிஜிஸ்டர் ஆபீஸ் போயி கையெழுத்துப் போட்டா முடிஞ்சுதுங்களே? அதப் பத்திப் பேச்சே இல்ல. உங்களுக்கு என்ன தோணுச்சு?

நைட் ஷிஃப்ட் நாகு:
ஷியாஸா வர்றது ஹ்ருது ஹாரூன். பிருந்தா மாஸ்டர் எடுத்த 'தக்ஸ்' ஹீரோ. அவ்ளோதான் என் பங்கு, பாதியில தூங்கிட்டேன்.

டோம்பிவ்லி அக்கா:
தம்பி, 'கையெழுத்துப் போட்டா முடிஞ்சுது'ன்னு ரொம்ப லேசாச் சொல்லுதீங்க. மதம் மாறாம கட்டணும்னா 1954 சிறப்புத் திருமணச் சட்டம். மொதல்ல நோட்டீஸ் குடுக்கணும். அத ஆபீஸ்ல எல்லாரும் பாக்க ஒட்டி, 30 நாள் கழிச்சுத்தான் கல்யாணம். அதுக்குள்ள யாரு வேணும்னாலும் ஆட்சேபணை எழுதிக் குடுக்கலாம்.

படம் அதுவரைக்கும் போகவே இல்ல, எனக்குப் பிடிச்சதே அதுதான். அவங்களுக்குக் கல்யாணத்துக்கு முன்னால வேண்டியது ஒரு கதவு, உள்ள போயி தாப்பாப் போட்டுக்க. அனு இருக்கது பிரபாவோட, வாடகைக்கே காசு பத்தல. அவன் வீட்ல ஆள் இல்லாத ஒரு பொழுதுக்காக புர்கா வாங்கி மாட்டிக்கிட்டுக் கெளம்புதா. மழையில ட்ரெயின் நின்னு போச்சு, திட்டமும் போச்சு. இதத்தான் நீங்க சுத்தறாங்க, நனையறாங்கன்னு எழுதியிருக்கீங்க. தெனமும் சென்ட்ரல் லைன்ல வாரவ நான். சயானுக்கும் குர்லாவுக்கும் நடுவுல தண்ணி நின்னா எத்தன பேருக்கு என்னென்ன நின்னு போவும்னு எனக்குத் தெரியும்.

நான் வளந்தது தாராவி, 90 அடி ரோட்டுக்குப் பின்னால. ஒரே ரூம்ல ஏழு பேர், மேல ஏணி வச்ச மச்சு. அண்ணனுக்குக் கல்யாணம் ஆனதும் மச்சு அவங்களுக்கு. ராத்திரி அம்மா ரேடியோவச் சத்தமா வச்சிருவா. ஏன்னு யாரும் கேக்கல, யாரும் சொல்லவும் இல்ல. தாலி கட்டினவங்க பாடே அது. கட்டாதவங்களுக்கு மாட்டுங்கா ஃபைவ் கார்டன்ஸ், பாந்த்ரா பேண்ட்ஸ்டாண்டு பாறை, மழைக்காலத்துல ஒரு குடை. லாட்ஜ்ல ரூம் போடலாம்லன்னு கேப்பீங்க. 2015 ஆகஸ்ட்ல மட் ஐலண்டு, அக்ஸா பக்கம் ஹோட்டல்ல இருந்த ஜோடிகளப் போலீஸ் புடிச்சிட்டுப் போயி 'பொது இடத்துல அநாகரிகம்'னு கேஸ் போட்டாங்க. பூட்டுன ரூமு எப்பய்யா பொது இடமாச்சு!

அந்த உம்முனு இருக்க மூஞ்சி எனக்கு வெறும் அலுப்பாத்தான் பட்டுது. ஷிஃப்டும் பாத்து, ட்ரெயின்லயும் நின்னு, அப்புறம் காதலிக்கவும் எடம் தேடணும்னா எவளுக்கு மூஞ்சி மலரும்?

பரேல் பாலு:
முதல் பாதி வரை அக்கா சொல்றதுதான் சரி. என் வருத்தம் ரெண்டாம் பாதி: ஆஸ்பத்திரியில சமைக்கற பார்வதி சொந்த ஊர் ரத்னகிரிக்குத் திரும்ப, பிரபாவும் அனுவும் கூடப் போறது. மும்பையில போட்ட முடிச்சை டைரக்டர் பாயல் கபாடியா கடலோரத்துல போய் அவிழ்க்கறாங்க. பையனும் பின்னாலயே வந்துடறான், காட்டுக்குள்ள தனிமையும் கிடைச்சுடுது. படத்துல எனக்கு முக்கியமானது பார்வதிதான். காகிதம் இல்லாததால பில்டர் வீட்டைவிட்டு விரட்டறான். 1982-ல யூனியன் தலைவர் தத்தா சாமந்த் பின்னால ரெண்டரை லட்சம் மில் தொழிலாளிங்க ஸ்ட்ரைக் பண்ண ஏரியா எங்களுது. அந்த மில் நிலத்துல இன்னைக்குக் கண்ணாடிக் கோபுரம். பில்டரோட ஹோர்டிங் மேல கல்லெறியறதோட அந்தக் கோபத்தை விட்டுட்டாங்களே!

டோம்பிவ்லி அக்கா:
பாலு அண்ணே, எறிஞ்சாங்கல்லா, எனக்கு அதுவே கொண்டாட்டம். ரத்னகிரியிலயும் அவங்க ஒளிஞ்சுதான் இருக்காங்க, வீடு ஒண்ணும் கெடச்சிரல. ஆனா மழை நீலம் போயி வெயிலும் செம்மண்ணுமா படமே வேற நெறத்துக்கு மாறுதுல்லா? (பாக்காதவங்க இங்கயே நிறுத்திக்கோங்க.) கடைசில பிரபா அனுகிட்ட, ஷியாஸயும் கூப்பிடுன்னு சொல்லுதா. மொதல்ல இவளக் கடிஞ்சு பேசுனவ அவதான். அந்த எடத்துக்கு வர்றதுக்கு பம்பாய்ல அவளுக்கு மூச்சு விட நேரம் இருந்துச்சா?

வாஷி கோவைக்காரன்:
அக்கா, ஒரு சந்தேகமுங்க. அந்த நோட்டீஸ் இங்க மும்பை ஆபீஸ்ல மட்டும் ஒட்டுவாங்களா, இல்ல ஊருக்கும் போகுங்களா? ஃப்ரெண்டு ஒருத்தனுக்காகக் கேக்கறேன்.

டோம்பிவ்லி அக்கா:
நிரந்தர விலாசம் வேற மாவட்டம்னா அங்க இருக்க ஆபீஸுக்கும் ஒரு நகல் போயி, அங்கயும் ஒட்டுவாங்க தம்பி. உங்க ஃப்ரெண்டுக்கும் கோயமுத்தூர்தானா?