பழைய பெஜோ சைக்கிள்: வலப்பக்க பிபி கப் கழலவில்லை

குருசுக்குப்பம்வாசி:
நண்பர்களுக்கு வணக்கம். தாத்தா புதுச்சேரியில் ஓட்டிய பெஜோ என்ற ஃபிரெஞ்சு சைக்கிளைச் சீர்படுத்தும் வேலை பாதியில் நிற்கிறது. முன்குழாயில் சிங்கச் சின்னம் இன்னும் அழியாததால், பெயிண்ட்டைச் சுரண்டாமல் துருவை மட்டும் நீக்கினேன். பிபி கூட்டின் (பாட்டம் பிராக்கெட், பெடல் அச்சு சுழலும் குழாய்) இடப்பக்கக் கப் (அச்சைத் தாங்கும் மரையிட்ட வளையம்) எளிதாகவே வந்துவிட்டது. வலப்பக்கக் கப்பைக் கழற்ற, கடையில் ஸ்பேனரில் இரும்புக் குழாயைச் செருகிக் கடிகார முள் திசையில் அழுத்தினார்கள். கப்பின் பட்டைகள் மழுங்கியதுதான் மிச்சம். இடப்பக்கத்தில் புதிய கப்பை ஏற்றிப் பார்த்தபோது, அது சில சுற்றுகளிலேயே இறுகி நின்றுவிட்டது. கேஸ் வெல்டிங் நெருப்பைக் காட்டினால் கழன்றுவிடும் என்கிறார்கள். காட்டலாமா?

மஞ்சக்குப்பம் லேத்து:
வேண்டவே வேண்டாம். குழாய்களை லக்குகளில் (குழாய்கள் செருகப்படும் இணைப்பு உறைகள்) இணைத்திருக்கும் பித்தளை ஏறத்தாழ 900 டிகிரி செல்சியஸில் உருகிவிடும்; கேஸ் வெல்டிங் நெருப்போ 3000 டிகிரியைத் தாண்டும். கடைக்காரரையும் முழுக்கக் குறை சொல்ல முடியாது. ஹெர்குலஸ், ராலே போன்ற ஆங்கில முறை வண்டிகளில் வலப்பக்கக் கப்புக்கு இடது மரை (வழக்கத்துக்கு எதிர்த்திசையில் இறுகும் திருகுபுரி) இருப்பதால், அதைக் கடிகார முள் திசையில் திருப்பித்தான் கழற்றுவார்கள். ஃபிரெஞ்சு முறையில் இரு பக்கமும் சாதாரண வலது மரை என்பதால், அவர் அழுத்திய ஒவ்வொரு முறையும் உங்கள் கப் மேலும் இறுகியிருக்கும். புதிய கப் ஆங்கில முறையாக இருக்கும்; அது சிக்கியதற்கு மரை அளவின் வேறுபாடுதான் காரணம்: ஃபிரெஞ்சுக் கூட்டின் விட்டம் 35 மில்லிமீட்டர், மரை இடைவெளி 1 மில்லிமீட்டர், ஆங்கிலக் கப்பின் விட்டம் சுமார் 34.8 மில்லிமீட்டர், அங்குலத்துக்கு 24 மரை. முதல் சில சுற்றுகளுக்கு அது பொருந்துவது போல ஏமாற்றும்.

லாஸ்பேட்டை மிதிவண்டி:
நெருப்பு கூடாது என்பது சரி. ஆனால் ஹாட் ஏர் கன்னால் கூட்டை மிதமாகச் சூடாக்குவதில் தவறில்லை. அதற்கு முந்தைய இரவே துரு இளக்கும் எண்ணெயை உட்புறமாக ஊற்றி, வண்டியை வலப்பக்கமாகச் சாய்த்து வைத்துவிடுங்கள். பட்டைகள் மழுங்கிய பிறகு ஸ்பேனர் பிடிக்காது. கப்பின் துளை வழியே தடித்த போல்ட் ஒன்றை வெளியிலிருந்து செலுத்தி, உட்புறம் வாஷரும் நட்டும் போட்டு நன்றாக இறுக்கிய பின், போல்ட்டின் தலையையே கழற்றும் திசையில் திருப்ப வேண்டும்.

திருப்பாப்புலியூர்:
திருப்பும் முன் ஒன்றை உறுதி செய்யுங்கள். பெஜோ சில ஆண்டுகளில் சுவிஸ் மரையையும் பயன்படுத்தியது. அளவுகள் அதேதான், ஆனால் வலப்பக்கம் மட்டும் இடது மரை. இடப்பக்கத் துளை வழியாக டார்ச் அடித்து, வலப்பக்கக் கப்புக்கு உட்புறமாகத் தெரியும் மரையைப் பாருங்கள். இரு பக்க மரைகளும் ஒரே திசையில் சாய்ந்திருந்தால் ஃபிரெஞ்சு, எதிரெதிராகச் சாய்ந்திருந்தால் சுவிஸ்.

குருசுக்குப்பம்வாசி:
பார்த்துவிட்டேன், ஒரே திசையில்தான் சாய்ந்திருக்கின்றன. ஆனால் புதிய கப் ஏறிய இடத்தில் இடப்பக்க மரை நசுங்கியிருக்கிறது.

மஞ்சக்குப்பம் லேத்து:
முதல் மரைகள் மட்டும் நசுங்கியிருந்தால், 35 மில்லிமீட்டர் டேப்பைக் (மரை வெட்டும் கருவி) கையால் மெதுவாக ஓட்டினாலே சரியாகிவிடும். முழுவதும் கெட்டிருந்தால் 36 மில்லிமீட்டர் இத்தாலிய மரைக்கு வெட்டிக்கொள்ளலாம், அதிலும் இரு பக்கமும் வலது மரைதான். ஆனால் ஒருமுறை வெட்டிவிட்டால் ஃபிரெஞ்சுக் கப் மீண்டும் பொருந்தாது என்பதால், வலப்பக்கக் கப் வெளியே வரும்வரை அந்த முடிவை எடுக்காதீர்கள்.